வாசலுக்கு வெளியே நின்ற மூன்று நாள்

அனுப்புநர்:
பள்ளிப்பை தைக்கும் பட்டறையின் உரிமையாளர்,
மாவு மில்லுக்கு எதிர்ச்சந்து.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
சரக்குப் போக்குவரத்துச் செலவு அளவீட்டுப் பிரிவு,
வணிகத் துறை.

பொருள்: லாரி துறைமுகத்துக்கு வெளியே காத்திருந்த மூன்று நாளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது – ஏற்றுமதி ஆர்டர் கைநழுவும் நிலை – திருத்தக் கடிதம் கேட்டல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மரியாதைக் குறைவாக ஏதும் எழுதிவிடக் கூடாது என்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

1. எங்கள் பட்டறையில் இருபத்திரண்டு பெண்கள் தைக்கிறோம். எட்டு வருடமாகக் கடல் தாண்டி ஒரே கடைக்காரம்மாவுக்குப் பைகள் அனுப்புகிறோம். இந்த வருடம்தான் முதல்முறையாகத் தவணை தவறியது. அங்கே பள்ளிக்கூடம் திறந்து ஒன்பது நாள் கழித்துப் பைகள் போய்ச் சேர்ந்தன.

2. லாரி ஓட்டியது என் தம்பி. திங்கள் காலை போனவன் வியாழன் காலைவரை துறைமுகச் சாலையில் வரிசையில் நின்றான். வாசலை எட்டினால்தான் டோக்கன்; டோக்கன் கிழித்த பிறகுதான் உங்கள் கடிகாரம் ஓடும். உள்ளே ஆறு மணி நேரம் இருபது நிமிடம் ஆனது. எங்கள் கப்பல் முந்தின நாளே போய்விட்டது.

3. வெளியே வரும் வழியில் உங்கள் கணக்கெடுப்பாளர் படிவத்தோடு நின்றார். "மூணு நாளா ரோட்டுல நின்னேன் சார், அதையும் எழுதுங்க" என்றிருக்கிறான் தம்பி. "டோக்கன்ல இருக்கறதத்தான்பா எழுத முடியும். ரோடு எங்க படிவத்துல இல்ல" என்றாராம். பின்னால் பத்து லாரி ஹாரன் அடித்தது. தம்பி படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டான்.

4. அப்படிச் சேர்த்த படிவங்களை வைத்து, காத்திருப்பு ஆறு மணி நேரம் சொச்சம், செலவு குறைந்தது, சரக்குப் போக்குவரத்துக்கான உலகப் பட்டியலில் நாடு மேலே ஏறியது என்று அறிக்கை விட்டீர்கள். அலுவலகத்தில் இனிப்பு வேறு கொடுத்தார்களாம். வயிறு எரிகிறது ஐயா! செலவுதான் குறைந்துவிட்டதே என்று துறைமுகத்துக்கு இரண்டாவது வாசல் கட்டும் வேலையையும் நிறுத்திவிட்டார்கள்.

5. கடைக்காரம்மா அதே அறிக்கையை எனக்கு அனுப்பி, "உங்கள் அரசாங்கமே ஆறு மணி நேரம் என்கிறது, நீங்கள் மூன்று நாள் என்கிறீர்கள்" என்று கேட்டிருக்கிறார். இருபதாம் தேதிக்குள் உங்கள் துறையின் திருத்தக் கடிதத்தைக் காட்டாவிட்டால் அடுத்த வருட ஆர்டர் வேறு நாட்டுக்குப் போய்விடும். எட்டு வருடம் நாணயமாக நடந்தவள், இன்று பொய்க்காரி ஆகிவிட்டேன். தன் கையெழுத்தால்தான் எல்லாம் போயிற்று என்று தம்பி என் முகத்தையே பார்ப்பதில்லை.

6. திங்கள் காலை ஏழு மணிக்குத் துறைமுகச் சாலைச் சுங்கச்சாவடியில் வாங்கிய ரசீதையும் வியாழன் காலை ஒன்பது மணி டோக்கனையும் இணைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே உள்ளதைக் கூட்டிப் பார்த்து, இருபதாம் தேதிக்குள் கடிதம் தாருங்கள். இனி உங்கள் கடிகாரம் எங்கள் பட்டறை வாசலிலிருந்து ஓடட்டும். நம்பிக்கை இல்லையென்றால் அடுத்த லோடுக்குக் கணக்கெடுப்பாளரையே அனுப்புங்கள். தம்பிக்குப் பக்கத்து இருக்கை காலிதான். மாற்றுத் துணி எடுத்து வரச் சொல்லுங்கள்.

உங்கள் பதிலுக்காக இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறோம். இந்தக் காத்திருப்பாவது கணக்கில் வரட்டும்.

இடம்: பட்டறை
நாள்: இம்மாதம் 9

இப்படிக்கு,
(கையெழுத்து)
பட்டறை உரிமையாளர்

லாரி ஓட்டுநர்: மேலே உள்ளதை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் இந்த முறை கையெழுத்திடுகிறேன்.
(கையெழுத்து)