படத்துல வந்த லயத்து வீடு

அக்காவுக்கு,

நீ போன்ல கேட்டதுக்கு லெட்டர் கடைசியில பதில் சொல்றேன். ரெண்டு புது கேம் விளையாடினேன். சுடுற கேம் மொக்கை. வீடு கட்டுற கேம் பரவால்ல. ஆனா கட்டின வீட்டை யாரும் காலி பண்ணச் சொல்றதே இல்ல. சீக்கிரம் போரடிச்சிருச்சு.

பாலக்காட்டுல நடந்த பட விழாவுக்கும் போனேன். ஒரு படம் தேயிலை எஸ்டேட்டுல நடக்குது. ரிட்டயர்டான ஒரு அம்மா, எஸ்டேட் குடுத்த லயத்து வீட்டுல தனியா உக்காந்து மழையப் பாத்துக்கிட்டே இருக்காங்க. எல்லாரும் கைதட்டினாங்க. முடிஞ்சதும் டைரக்டர்கிட்டக் கேட்டேன்.

"சார், வீட்டுல ஒருத்தராவது எஸ்டேட் வேலையில இல்லன்னா லயத்தைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. இந்தம்மாவ யாரு தங்க விட்டது?"

"மோனே, சினிமாவ சினிமாவா பாரு"ன்னாரு. பக்கத்துல ஒருத்தன் சிரிச்சான். எனக்குக் கோவம்கூட வரல.

நம்ம அம்மாவுக்கு மார்ச்சோட எஸ்டேட் வேலை முடியுதுன்னு எனக்கும் தெரியும். நீ கல்யாணமாகிப் போயிட்ட. காலேஜ விட்ட நான்தான் மிச்சம். நீ கேட்ட மாதிரியே எஸ்டேட் ஆபீஸ்ல என் பேரைக் குடுத்துரு. மருந்தடிக்கிற வேலைன்னாலும் சரி. இங்க கஞ்சிக்கோட்டு கம்பெனியில வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு சொல்லிட்டேன், திங்கக்கிழமை வந்துருவேன்.

நானாத்தான் ஆசைப்பட்டுக் கேட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லு. அவங்க நம்புற மாதிரி சொல்லு.

உன் தம்பி