போணிக்கு வாங்கிய பேனாக்கள்

அண்ணாச்சி,

இன்று காலை உங்கள் மகள் ஒரு பிஸ்கட் டப்பாவை என் கடையில் கொண்டுவந்து வைத்தாள். "அம்மா தூரப் போடச் சொல்லுச்சு அத்தை, எனக்கு மனசு வரல" என்றாள். திறந்ததும் மை வாசனை. உள்ளே முழுக்கப் பேனாக்கள், பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு. எல்லாம் என்னிடம் நீங்கள் வாங்கியவை. ஒன்றையும் நீங்கள் தொட்டு எழுதியதாகத் தெரியவில்லை.

பாத்திரக் கடைக்கு எதற்கு இத்தனை பேனா? காதில் சொருகிய பென்சிலிலேயே காலத்தை ஓட்டியவர் நீங்கள். எதிரே நான் ஸ்டேஷனரி கடை போட்ட அன்று, தெருவைக் கடந்து வந்து ஒரு பேனா வாங்கினீர்கள். அன்று நல்ல கூட்டம். உங்களுக்குக் கைராசி என்று நான்தான் கிளப்பிவிட்டேன். அதிலிருந்து தினமும் முதல் போணி உங்களுடையது. "வெரசா போணியப் பண்ணு தாயி, அங்கன உன் மதினி தனியா இருக்கா" என்பீர்கள்.

பிறகுதான் தேனிக் கடைத்தெருவை அகலப்படுத்த அளக்க வந்தார்கள். என் சுவரில் சிவப்புக் கோடு விழுந்தது. கடையில் பாதி போகும் என்றார்கள். உங்களுக்கும் பாதி. வாசலில் நின்ற புங்கை மரத்துக்கும் நம்பர் எழுதினார்கள். எதிர்ப்புக் காட்ட எல்லோரும் கடையடைத்தோம், நீங்கள் மட்டும் அடைக்கவில்லை. சண்டைக்கு வந்தேன்.

"கம்பத்துல இருந்து நெஞ்சுவலின்னு ஆஸ்பத்திரிக்கு வாரவுக நம்ம வாசல்ல மாட்டிக்கிட்டுக் கெடக்காக. அதப் பாத்துக்கிட்டு எப்படித் தாயி யாவாரம் பண்ண?" என்றீர்கள்.

ஆம்புலன்ஸ் நகர முடியாமல் அலறியதை நானும் பார்த்தவள்தான். ஆனாலும் ஆத்திரம் கண்ணை மறைத்தது. மறுநாள் நீங்கள் வந்தபோது, "போணி ஆயிருச்சு அண்ணாச்சி" என்றேன். பச்சைப் பொய். என் வாசலையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் சொல்கிற பொய்யா அது? நீங்கள் முகம் சுளிக்கவில்லை. "அப்ப ரெண்டாவது யாவாரமா இருக்கட்டும்" என்று பேனாவை எடுத்துக்கொண்டீர்கள். மாதக்கணக்கில் நானும் அதையே சொன்னேன், நீங்களும் அதையே சொன்னீர்கள்.

சாலை அகலமானது. புங்கை போனது. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் இப்போது விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். வண்டிகள் நிற்காமல் போகின்றன. நடுவில் தடுப்பு வந்ததால், கூப்பிட்டால் கேட்கிற உங்கள் கடையிலிருந்து என் கடைக்கு வர சிக்னல் வரை சுற்ற வேண்டும். மூட்டுவலியோடு அந்த வெயிலில் சுற்றி வந்தீர்கள். வியர்த்து நின்ற உங்களிடமும் "ஆயிருச்சு" என்றுதான் சொன்னேன். பாவி நான்.

அப்படி வந்த ஒரு நாள்தான் என் கடைப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆம்புலன்ஸ் வழியில் எங்கும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் உயிரோடு இருந்தீர்கள். கட்டப்பனையிலிருந்து மகள் வந்து உங்களோடு பேச முடிந்தது. மரம் இருந்திருந்தால் வெயில் உங்களைச் சாய்த்திருக்காது என்கிறது ஒரு மனது. பழைய தெருவாக இருந்திருந்தால் அந்த நான்கு நாளும் கிடைத்திருக்காது என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டையும் தள்ள முடியவில்லை.

மதினி என்னோடு பேசுவதில்லை. "அவ கடைக்கு நடந்து நடந்தே போய்ச் சேந்தாக" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாராம். உங்கள் நாற்காலியில் இப்போது அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். என் பக்கம் திரும்புவதில்லை.

இதை உங்கள் பேனாவில்தான் எழுதுகிறேன். மூன்றில் மை காய்ந்திருந்தது, நான்காவது எழுதுகிறது. அண்ணாச்சி, அந்த மாதங்களில் நீங்கள் வாங்கிய ஒவ்வொன்றும் முதல் போணிதான்.

நாளைக் காலை சிக்னல் வரை நடந்து, சுற்றிப் போய், மதினியிடம் ஒரு கரண்டி கேட்கப்போகிறேன். போணி ஆகியிருக்காது, எனக்கு இங்கிருந்தே தெரியும். ஆயிருச்சு என்று அவர் சொன்னால், ரெண்டாவது யாவாரமா இருக்கட்டும் மதினி என்பேன்.