பரிசோதனைக்கு முந்தின மூன்று நாள்

போன இடத்திலும் கையில் கொடியோடு ஏதாவதொரு ரயிலுக்குக் காத்துக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கடிதம் எழுதும் பழக்கம் நம் இருவருக்குமே கிடையாது. போனில்கூட "சாப்டியா தாயி", "சாப்ட்டேன்ப்பா" என்பதோடு முடித்துக்கொள்வோம். இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது. கிளாக்கோமா. இரண்டு கண்ணிலும்.

ஆரம்ப நிலைதான், பதறாதீர்கள். மூக்குக்கண்ணாடி மாற்றப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். வலி இல்லை, மங்கல் இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் அரித்துக்கொண்டு வரும், ஓரப் பார்வை முதலில் போகும், போனது திரும்பாது. இதையெல்லாம் உங்கள் டாக்டர் உங்களுக்குச் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவள் நான்தான்.

எனக்கு வாய்த்த டாக்டர் திண்டுக்கல்லிலேயே இருக்கும் சின்ன வயதுப் பெண். "மேடம், இப்பல்லாம் முதல்லயே லேசர் பண்ணிக்கலாம். சொட்டு மருந்துல ஆரம்பிக்கணும்னு கட்டாயம் இல்ல" என்றார். என் புத்தி உங்களுக்குத் தெரியும். புதிதாக மெஷின் வாங்கியிருப்பார்கள், ஓட்ட ஆள் வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"எங்கப்பாவுக்குச் சொட்டு மருந்துதான் குடுத்தாங்க" என்றேன்.

"அப்பாவுக்குக் கண்ணு எப்படி இருந்துச்சு?"

சொட்டு மருந்தே போதும் என்று சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எப்படி இருந்தது அப்பா? ஒவ்வொரு பரிசோதனையிலும் உங்கள் கண் அழுத்தம் சரியாக இருந்தது. ஆனால் ஓரப் பார்வை மட்டும் குறைந்துகொண்டே வந்தது. டாக்டர் இரண்டாவது மருந்து சேர்த்தார், பிறகு மூன்றாவது. நான் அவரோடு சண்டை போட்டேன். "அழுத்தம் நல்லாருக்குன்னு நீங்கதான் சொல்றீங்க, அப்புறம் எதுக்கு மருந்துக்கு மேல மருந்து?" என்று கேட்டேன். நீங்கள் என் சேலைத் தலைப்பை மெதுவாக இழுத்து, "விடு தாயி" என்றீர்கள். நான் அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் போன பிறகு அலமாரியை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே எல்லாம் மருந்து பாட்டில்கள். பாதிக்கு மேல் சீல்கூட உடைக்காதவை. மாதாமாதம் நான் வாங்கி, நானே தேதி எழுதி ஒட்டி, கொடைரோட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தவை.

அன்றைக்கு உங்கள் மேல் வந்த கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

கொடைரோடு ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக நீங்கள் இருந்த காலம் ஞாபகம் வந்தது. மேலதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார் என்றால் மூன்று நாள் முன்பே வேலை தொடங்கிவிடும். தண்டவாளத்து ஓரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பீர்கள். தீயணைப்பு வாளிகளுக்குச் சிவப்புப் பெயின்ட். அதிகாரி இறங்கிப் பார்த்து "குட்" என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த இன்ஸ்பெக்ஷன்வரை அந்த வாளிகளில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. கண்ணுக்கும் நீங்கள் அதையே செய்திருக்கிறீர்கள். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தின மூன்று நாள் ஒழுங்காக மருந்து. அழுத்தம் இறங்கிவிடும். டாக்டர் "குட்" சொல்வார். திரும்பி வந்ததும் பாட்டில் டப்பாவுக்குள் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க வேண்டியவள் நான். நூற்பாலையில் தரக்கட்டுப்பாடுதான் என் வேலை. நூல் மாதிரி எடுக்க வருகிறேன் என்று எந்த ஷிப்டுக்கும் நான் சொல்லிவிட்டுப் போனதில்லை. சொல்லிவிட்டு எடுக்கும் மாதிரி மாதிரியே அல்ல என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பே எடுக்கிறேன். உங்கள் பரிசோதனைக்கு மட்டும் ஒரு வாரம் முன்பே போன் செய்து, "அப்பா, வர்ற செவ்வாக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்று ஞாபகப்படுத்தியது யார்? நான்தானே.

இப்போது என் கதையைக் கேளுங்கள். முதல் வாரம் தவறாமல் மருந்து விட்டேன். இரண்டாவது வாரம் கண் சிவந்தது. மில்லில் ஆளாளுக்கு "என்ன மேடம், தூங்கலயா?" என்று கேட்டார்கள். பாதி நாள் சொட்டு கன்னத்தில் வழிந்தது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆனது. அப்புறம் மறந்தேபோனது. மறுபரிசோதனைக்கு மூன்று நாள் முன்பு பாட்டிலைத் தேடி எடுத்தேன். மூன்று நாளும் கடிகாரம் பார்த்து விட்டேன்.

"சூப்பர் மேடம், அழுத்தம் நல்லா எறங்கியிருக்கு. இப்படியே கன்டினியூ பண்ணுங்க" என்றார் டாக்டர்.

எழுந்து கதவுவரை போய்விட்டேன் அப்பா. கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் சுண்ணாம்பு வாடை அடித்தது போல இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"டாக்டர், அந்த நம்பரை நம்பாதீங்க. மூணு நாளாத்தான் மருந்து விடுறேன்."

அவர் கோபப்படவில்லை. "நிறைய பேர் இப்படித்தான் மேடம். ஆனா யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க" என்று கணினியில் எதையோ திருத்தினார். பிறகு, "அப்ப லேசரப் பத்தி மறுபடி பேசலாமா?" என்றார்.

பேசினோம். நான் கேட்காத கேள்வி இல்லை. போன பார்வையைத் தருமா? தராது. எல்லாருக்கும் வேலை செய்யுமா? பெரும்பாலும் செய்யும், சிலருக்குச் செய்யாது. எத்தனை காலம் நிற்கும்? சில வருடம் நிற்கலாம், குறைந்தால் மறுபடி செய்யலாம், சொட்டு மருந்தும் தேவைப்படலாம். பரிசோதனைக்கு வருவதை மட்டும் ஒருபோதும் நிறுத்தக் கூடாது. விற்க வந்தவர் பேச்சு இப்படி இருக்காது. ஒப்புக்கொண்டேன்.

இரண்டு கண்ணும் மரத்துப்போகச் சொட்டு விட்டு, கண்மேல் ஒரு லென்ஸை வைத்தார்கள். பச்சை வெளிச்சம் விட்டு விட்டு வந்தது. சில நிமிடம்தான். வெளியே உட்கார வைத்து ஒரு மணி நேரம் கழித்து அழுத்தம் பார்த்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் கண் கொஞ்சம் உறுத்தியது, அவ்வளவே.

அந்த ஒரு மணி நேரத்தில் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடுங்காத என் கைக்கே சொட்டு கன்னத்தில் வழிந்தது. அம்மா போன பிறகு, தனி வீட்டில், நடுங்கும் கையோடு நீங்கள் எப்படி விட்டிருப்பீர்கள்? மகளிடம் கேட்க உங்களுக்குக் கூச்சம். நானாகக் கேட்க எனக்கும் தோன்றவில்லை. மூன்று நாளாவது எப்படி விட்டீர்கள் என்பதுதான் இப்போது எனக்கு ஆச்சரியம். அந்த டப்பாவின் மேல் எனக்கிருந்த கோபம் தீர்ந்துவிட்டது அப்பா. வருத்தம் மட்டும் மிச்சம்.

தம்பி சேகரையும் பரிசோதனைக்குக் கூப்பிட்டேன். அய்யலூர் சந்தையில் ஆட்டு வியாபாரம் அமோகமாக நடக்கிறது அவனுக்கு. "எனக்கென்னக்கா, ஆட்டுப் பல்லப் பாத்து வயசு சொல்லுறேன்" என்றான். அப்பாவும் தூரத்து ரயில் நம்பரைப் படித்துக் காட்டியவர்தான் என்றேன்.

"சரி, பத்து நாள் கழிச்சு வாரேன். அதுக்குள்ள பொன்னாங்கண்ணியத் தின்னு கண்ணத் தேத்திக்கிட்டு வாரேன்."

"தேத்த வேணாம்டா. இருக்கிறபடியே வா."

சந்தையிலிருந்து நேராக வந்தான். ஆஸ்பத்திரி வராந்தா முழுக்க ஆட்டு வாடை. அவனுக்கு இன்னொரு பரிசோதனை பாக்கியிருக்கிறது. பார்ப்போம்.

ஆறு வாரம் கழித்து எனக்குப் பார்த்ததில் வலது கண்ணில் அழுத்தம் நன்றாக இறங்கியிருந்தது. இடது கண்ணில் அவ்வளவு இல்லை. அதற்குச் சொட்டு மருந்து சேர்க்க வேண்டிவரலாம். வந்தால், விட்ட நாளை விட்டேன் என்றும் விடாத நாளை விடவில்லை என்றும் சொல்வேன். சுண்ணாம்பு அடிக்க மாட்டேன். சேகரையும் அடிக்க விடமாட்டேன்.

உங்களுக்கு இடது பக்கப் பார்வை போன பிறகு, நீங்கள் எதிலும் இடித்துக்கொள்ளாமலிருக்க அந்தப் பக்கமாகவே உங்களோடு நடப்பேன். அங்கே நின்றால் என்னை உங்களால் பார்க்க முடியாது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. "எங்க தாயி போயிட்ட?" என்று பாதி வழியில் நின்றுவிடுவீர்கள்.

இங்கேதான் அப்பா இருக்கிறேன்.

உங்கள் இடது பக்கம் நடந்த
மூத்த மகள்