நாலு மூட்டை உப்பு

மார்ச் 4, செவ்வாய்

காலையில், பிசியோதெரபி குளத்துக்கு உப்பிலிருந்து குளோரின் உண்டாக்கும் மிஷினில் சிவப்பு விளக்கு. ‘உப்பு குறைவு’. இரண்டு மூட்டை பிரித்துக் குளத்தில் கொட்டினேன். அளந்து பார்த்திருக்கலாம். உப்பு அளக்கும் பெட்டி மாடியில் இருந்தது, ஏறச் சோம்பல்.

மார்ச் 5

இன்னும் சிவப்புதான். மேலும் இரண்டு மூட்டை கொட்டினேன். தண்ணீரில் குளோரினே இல்லை, லேசாகக் கலங்கியும் விட்டது. குளத்தை மூடினோம்.

டிரைவர் அண்ணன் சக்கர நாற்காலியில் வந்து படிக்கட்டோடு திரும்பினார். விபத்துக்குப் பிறகு அவர் கால் ஊன்றுவது இந்த இடுப்பளவு தண்ணீருக்குள் மட்டும்தான். “தரையில நான் மூட்டை மாதிரி தங்கச்சி. உள்ள இறங்கினா பதினாறு அடி நடக்குறேன். சீக்கிரம் பாரும்மா.”

மார்ச் 6

தண்ணீர் கலங்கியதற்கு மேனேஜர் துப்புரவு அக்காவைப் பிடித்துக்கொண்டார். கரையைக் கழுவிய சோப்புத் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டாளாம். நோயாளிகள் முன்னாலேயே கத்தினார்.

“சத்தியமா இல்லீங்க சார். வாளியில அள்ளி வெளியதான் ஊத்துறேன்.”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் குனிந்து வடிகட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

மார்ச் 7

மிஷினை நிறுத்தி, குளோரின் உண்டாக்கும் குழாயைக் கழற்றினேன். தகடுகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு. தண்ணீரில் கொஞ்சம் ஆசிட் கலந்து ஊற வைத்தேன், நுரைத்துக் கரைந்தது. இந்தப் படிவு மின்சாரத்தைத் தடுக்க, மிஷின் அதை உப்புக் குறைவு என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

மாட்டினேன். இப்போது ‘உப்பு அதிகம்’ என்று காட்டி அதுவாகவே நின்றுவிட்டது! இப்போதுதான் மாடி ஏறினேன். அளந்தால் உப்பு லிட்டருக்கு 6,800 மில்லிகிராம். வேண்டியதோ 3,500 பக்கம்.

அப்படியென்றால் முதல் நாளே உப்பு சரியாக இருந்திருக்கிறது. நாலு மூட்டையும் என் கைவேலை. அஞ்சு நிமிஷம்... அஞ்சே நிமிஷம் செலவு பண்ணி அளந்திருந்தா, அன்னிக்கே குழாயைக் கழட்டிப் பாத்திருப்பேன், தண்ணி கலங்கியே இருக்காது. ஒரு பாவமும் அறியாதவ எல்லார் முன்னாடியும் திட்டு வாங்கினா, நான் வாயத் திறக்கல. என்ன ஜென்மம் நான்?

மார்ச் 8

சொல்லிவிட்டேன். “சார், அது அக்கா இல்ல. நான்தான், மிஷினைப் பாக்காம, அளக்காம உப்பக் கொட்டினேன்.” மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நான் அவகிட்ட சொல்லிக்கிறேன். நீயும் போய்ச் சொல்லு.”

அக்கா துடைப்பானைப் பிழிந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டு, “என் பொண்ணு வயசுக்காரங்க எல்லாம் நின்னு வேடிக்கை பாத்தாங்க” என்றாள். அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 9

உப்பைக் குறைக்க வேறு வழியில்லை. பாதித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டேன். நாள் முழுக்க அதே வேலை.

மார்ச் 11

பச்சை விளக்கு. உப்பு 3,400. குளோரினும் சரி. டிரைவர் அண்ணன் கரையோரக் கம்பியைப் பிடித்தபடி பத்தொன்பது அடி நடந்தார். கரையில் நின்றவர்கள் கை தட்டினார்கள். அக்கா தட்டவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை.

மார்ச் 14

காலை ஏழு மணிக்குச் சோதனைத் தண்ணீரில் மருந்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வாளி வைக்கும் சத்தம்.

“இந்தக் கலர் என்ன சொல்லுது?”

குளோரின் போதுமா என்று இதில் தெரியும் என்றேன். சோதனைக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“கோவம் இன்னும் போகலடி, தெரிஞ்சுக்கோ.”

“தெரியும்க்கா.”

“சரி, நாளையிலிருந்து நான் பாத்துச் சொல்றேன். நீ நோட்டுல எழுது.”