முழு மார்க்

பாப்பா அப்பாவுக்கு,

பாப்பா நன்றாக இருக்கிறாள். இரண்டு பல் முளைத்திருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு மனம் கலங்கிக் குணமானவள் என்று, பசுமலையில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி மாணவர்களுக்கு மார்க் போட இன்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர்கள் என்னிடம் பேசுவதுதான் பரீட்சை. கூட வந்த பாப்பாவைக் கல்லூரி ஆயா வைத்திருந்தார்.

எல்லோரும் தைரியம் சொன்னார்கள். நாகஜோதி என்ற மாணவி மட்டும், "பாப்பா இம்புட்டு நேரமா ஆயாகிட்ட அழுகுது. நீங்க தூக்கலையேக்கா, பயமா இருக்கா?" என்றாள்.

"பரீட்சைக்கு வந்தியா, வம்புக்கு வந்தியா?" என்று சிரித்தேன். அவள் சிரிக்காமல் காத்திருந்தாள்.

"ஆமாம்மா, பயமாத்தான் இருக்கு" என்றேன்.

அவளுக்கு முழு மார்க் போட்டேன்.

இதைப் போனில் உங்களிடம் சொல்ல வாய் வரவில்லை. லீவு கேட்டு உடனே வாருங்கள். அதுவரை பாப்பா பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் தூங்குவாள்.

உங்கள் மனைவி