கராபெல் சரிவைக் கடக்காத நாட்கள்

மார்ச் 19
நேற்று இரவும் மேகம், குளிர் இறங்கவில்லை. பனி உறையவில்லை. காலை ஏழு மணிக்கே முழங்கால் வரை புதைகிறது. எங்கள் விடுதிக்கு வந்திருக்கும் ஆறு போலந்துக்காரர்களையும் மலைச்சரிவுக்குக் கூட்டிப்போகாதே, காட்டுப் பக்கமே சறுக்கட்டும் என்று தம்பி சிர்காக்கிடம் சொன்னேன். அவனுக்குப் பிடிக்கவில்லை.
"தினமும் பனியைக் குத்திக் குத்திப் பாக்குறியே அக்கா, பொண்ணு பாக்கப் போன மாதிரி. அது வாயத் திறந்து ஏதாச்சும் சொல்லிச்சா?"

மார்ச் 21
நவுருஸ், புத்தாண்டு. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஊரில் அம்மா முளைகட்டிய கோதுமையில் சுமலாக் கிண்டியிருப்பாள். கணவாய்ச் சாலையைப் பனி மூடி ஒன்பது நாள். அப்பா போனில் இருமிக்கொண்டே, "பாதை திறந்ததும் வாங்க. ஆடுங்க பதினோரு குட்டி போட்டிருக்கு" என்றார்.

மார்ச் 24
அப்பா இல்லை.

எழுதிவிட வேண்டும்.

பதினொரு மணிக்கு ஜோல்தோஷ் சித்தப்பா போன் செய்தார். சிர்காக் உடனே பூட்ஸை மாட்டினான். கணவாய் ஏறி கராபெல் சரிவைக் குறுக்கே கடந்தால் நாலு மணி நேரத்தில் அப்பாவிடம் போய்விடலாம். ஆனால் நல்ல வெயில். காலையிலிருந்தே சரிவில் பனி உருண்டைகள் தானாக உருண்டுகொண்டிருந்தன. அடிவரை ஈரம். குறுக்கே கால் வைத்தால் மொத்தப் பனியும் சரிந்து மேலே வரலாம்.
"ராத்திரி உறையட்டும்டா. விடியுமுன்னே போயிடலாம்."
"உறையலன்னா? நான் ஒரே மகன் அக்கா!"
"அதனாலதான் சொல்றேன்."
கோட் எடுக்க உள்ளே போனான். பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியில் ஒட்டும் ஏறுபட்டைகளை, அவனுடையதையும் என்னுடையதையும், அடுப்பில் போட்டேன். போலந்துக்காரர்கள் முந்தாநாளே கீழ்ப்பக்கச் சாலையில் கிளம்பிவிட்டார்கள், வேறு சோடி இங்கே இல்லை. இந்த இளகிய பனியில் அது இல்லாமல் மேலே ஏற முடியாது.
கையை ஓங்கினான். அடிக்கவில்லை. கட்டை இல்லாமல் பூட்ஸோடு ஏறப் பார்த்தான். இருநூறு அடியில் இடுப்பு வரை புதைந்து, நனைந்து திரும்பினான்.

மார்ச் 25
உறையவில்லை. மேகம்.
"நாளைக்கு மதியத் தொழுகை வரைக்கும் வச்சிருப்போம். அதுக்கு மேல முடியாது" என்றார் சித்தப்பா. பிறகு, "நீதான் தடுத்தியாமே?"
"ஆமா சித்தப்பா."
போனை வைத்துவிட்டார்.
மூன்று மணி நேரம் தொலைநோக்கியில் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரியட்டும், இப்போதே சரியட்டும் என்று வேண்டினேன். நான் சொன்னது சரி என்று ஆகட்டும் என்பதற்காக. அப்பாவை வீட்டில் கிடத்தியிருக்கும்போது என்ன வேண்டுதல் இது?

மார்ச் 26
அடக்கம் முடிந்துவிட்டது. சரிவு அப்படியே நிற்கிறது.

சிர்காக் குதிரைக் கொட்டிலில் நின்று, மகனாக அப்பா வீட்டு வாசலில் அழவேண்டியதை அங்கே அழுதான். பக்கத்தில் போனேன்.
"போயிடு. ஒண்ணும் ஆகியிருக்காது. உனக்கு உன் பயம்தான் பெருசு."
பயம்தான். இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

மார்ச் 28
இரவு வானம் திறந்தது. பனி பலகை போல் இறுகிவிட்டது. நாலரைக்குக் கிளம்பி, பூட்ஸில் இரும்புப் பற்களை மாட்டி நடந்தே ஏறினோம். சரிவில் ஒவ்வொருவராக. அவன் கடந்து பாறையை அடையும்வரை நான் இந்தப் பக்கமே நின்றேன். பிறகு நான்.
எட்டு மணிக்குள் வீடு. சித்தப்பா என்னோடு கைகுலுக்கவில்லை. அம்மா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறித் தடவினாள். அப்பா மேல் போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது.

ஏப்ரல் 9
சிர்காக் என்னோடு பேசுவதில்லை. இன்று "உப்பு எங்க" மட்டும்.

மே 2
நாற்பதாம் நாள். சாலை திறந்துவிட்டது, காரில் போனோம். கராபெல்லுக்குக் கீழே சிர்காக் வண்டியை நிறுத்தினான். பனி கிடந்த இடத்திலேயே கரைந்திருந்தது. திட்டுத் திட்டாகப் புல்.
"கடைசி வரைக்கும் சரிஞ்சு வரவே இல்ல, பாத்தியா."
"ஆமா."
அன்று நீ கால் வைத்திருந்தால் வந்திருக்கும் என்று சொல்லலாம். எனக்கே தெரியாது. இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை.
சாப்பாட்டில் சித்தப்பா எல்லார் முன்னாலும் ஆரம்பித்தார். "ஒரே மகன். பாடைக்குத் தோள் குடுக்கல."
அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சித்தப்பாவைப் பார்த்தாள். "தம்பி, அன்னைக்கு நான் ஒருத்தருக்காகத்தான் அழுதேன். அது போதும் எனக்கு. கறி ஆறுது, சாப்பிடுங்க."
சிர்காக் தலை குனிந்திருந்தான்.
திரும்பும் வழியில், சாலையைப் பார்த்தபடியே கேட்டான். "நாளன்னைக்கு நாலு பேர மேல் ஏரிக்குக் கூட்டிட்டுப் போகணும். ராத்திரி உறையலன்னா?"
"திருப்பிக் கூட்டிட்டு வந்துடு."
"காசு குடுத்து வந்தவங்க. திட்டுவாங்க."
"திட்டட்டும்."
விடுதி வாசலில் இறங்கியபோது என் பையையும் அவனே தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.