ஒரே ஒரு கேமரா

அக்டோபர் 3, வெள்ளி
பணி ஓய்வு பெற்று மூன்றாம் நாள். அவோமோரி கடலோர ரயிலுக்கு 24ஆம் தேதி முதல் மூன்று நாள் பதிவு செய்தேன். நானும் என் மனைவி மிச்சியோவும். "ஒரு கேமராதான். ரெண்டு எடுத்தா நான் வரல" என்றாள், தேநீர் ஊற்றிக்கொண்டே.

என்னிடம் இருப்பது இரண்டு ஃபிலிம் கேமரா. எஸ்.எல்.ஆரா, ரேஞ்ச்ஃபைண்டரா? மூன்று வாரம் இருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்
கையெழுத்துக்குப் பதில் குத்தும் என் முத்திரைக் கட்டையைத் தேடியபோது சமையலறை இழுப்பறையில் விவாகரத்துப் படிவம் கிடைத்தது. மனைவி பகுதி முழுதும் எழுதி, முத்திரையும் குத்தியிருக்கிறது. கணவன் பகுதி மட்டும் காலி. நானும் குத்திக் கொடுத்தால் முடிந்தது. மடித்து அங்கேயே வைத்தேன்.

எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். பார்ப்பதுதான் படம். முப்பது ஆண்டுப் பழக்கம். ரேஞ்ச்ஃபைண்டரில் பார்க்கும் சன்னல் தனி, லென்ஸ் தனி. வாங்கி இரண்டு ஆண்டாகியும் அதில் ஒரு ஃபிலிம் சுருள்கூடப் போட்டதில்லை. ஆனால் சத்தமே வராது.

அக்டோபர் 7, செவ்வாய்
சமையல் தராசில் நிறுத்தேன். எஸ்.எல்.ஆர், மூன்று லென்ஸுடன், இரண்டு கிலோ நூறு. ரேஞ்ச்ஃபைண்டர் எழுநூற்று நாற்பது கிராம். மாவு அளக்க மிச்சியோ காத்திருந்தாள்.

அக்டோபர் 11, சனி
நகானோவில் பழைய கேமரா விற்கும் முராகோஷியிடம் கேட்டேன்.

"யாரோட போறீங்க, இவாசே சான்?"

"வீட்டுக்காரியோட."

"அப்ப ரேஞ்ச்ஃபைண்டர். எஸ்.எல்.ஆர்ல பட்டன அமுக்குறப்ப உள்ள இருக்கற கண்ணாடி மேல தூக்கிக்கும். அந்த நேரம் மட்டும் இருட்டு. எதைப் படம் எடுக்கறீங்களோ அதப் பாக்கவே மாட்டீங்க."

ரயிலில் கணக்குப் போட்டேன். இதுவரை சுமார் பதினையாயிரம் படம். படத்துக்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு இருட்டு. முப்பத்தோரு ஆண்டு இல்லறத்தில் மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அதற்கா விவாகரத்து?

அக்டோபர் 19, ஞாயிறு
முடிவு செய்யவில்லை. படிவம் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அக்டோபர் 23, வியாழன்
ரேஞ்ச்ஃபைண்டர். ஒரு லென்ஸ், ஒரு சுருள். மிச்சியோ பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான்."

"உடம்புக்கு ஏதாவதா?"

அக்டோபர் 26, ஞாயிறு
வீடு திரும்பினோம். முப்பத்தாறு படம், எல்லாவற்றிலும் மிச்சியோ. ரயிலில் ஆப்பிள் கடிக்கிறாள். பாறைமேல் காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொள்கிறாள். தாடையில் ஒரு சின்னத் தழும்பு. எப்போது வந்தது என்று கேட்டேன். "ஒம்பது வருஷமாச்சு."

பயமாக இருந்தது. எழுதிவிடுகிறேன். ஒவ்வொன்றையும் இதுதான் கடைசிப் படமோ என்று நினைத்தேதான் அமுக்கினேன். அமுக்கும் நொடியிலும் அவள் மறையவில்லை. முராகோஷி சொன்னது சரி.

அக்டோபர் 30, வியாழன்
கழுவிய சுருளை முராகோஷி விளக்கு மேசையில் விரித்தார். முப்பத்தாறிலும் ஒன்றுமே இல்லை. வெற்றுச் சுருள்.

"லென்ஸ் மூடியக் கழட்டவேயில்ல" என்றார். "சன்னல்ல எல்லாம் தெரியும், மூடி மட்டும் தெரியாது. எஸ்.எல்.ஆர் ஆளுங்க எல்லாரும் ஒரு தடவ பண்றதுதான். மூணு நாளும் பண்ணினவங்க யாருமில்ல."

வீட்டில் மிச்சியோ முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

"எப்ப?"

"மொதப் படத்துலயே. எதிர்ல நிக்கிறவளுக்கு மூடி தெரியாதா?"

"சொல்ல வேண்டியதுதானே?"

"வாயத் தொறந்தேன். ஆனா கேமராவுக்குப் பக்கத்துல உங்க எடது கண்ணு வெளிய தெரிஞ்சுது. என்னையே பாத்துக்கிட்டிருந்துச்சு. மூடியக் கழட்டச் சொன்னா வெளிச்சம், தூரம்னு மறுபடி ஆரம்பிப்பீங்க. அதான் விட்டுட்டேன்."

முப்பத்தாறு தடவையும் விட்டிருக்கிறாள். வேறொன்றைச் சொன்னேன்.

"அந்தப் படிவத்தப் பாத்தேன்."

"அதுவும் தெரியும். மடிப்பு மாறியிருந்துச்சு. மூணு வாரமா ஒரு வார்த்த கேக்கல நீங்க."

"பயமா இருந்துச்சு."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

முள்ளங்கி கொஞ்சம் வெந்தும் கொஞ்சம் வேகாமலும் இருந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு
தகாவோ மலைக்குப் போனோம். எஸ்.எல்.ஆர் மிச்சியோவின் கழுத்தில். என்னை நிற்க வைத்து எடுத்தாள். எங்கள் ஆல்பம் எதிலும் நான் கிடையாது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

திரும்பியதும் படிவத்தை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைப் பையில் போட்டாள். எரிக்கிற குப்பையை எடுக்க வருவது செவ்வாய்க்கிழமைதானே என்றேன். ஏன் சொன்னேன்?

"சரி, செவ்வாய் வரைக்கும் யோசிக்கிறேன். ஒட்டறதுக்கு டேப் இருக்கு" என்றாள்.

நவம்பர் 18, செவ்வாய்
குப்பைப் பையை நானே கொண்டுபோய் வைத்தேன். வண்டி எட்டரைக்கு வந்தது. அதுவரை பக்கத்திலேயே நின்றேன்.